சேவு மடித்த கல்யாணப் பத்திரிகை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தர்ப்பூசணி என்னிடம் வசமாக மாட்டிக்கொண்டது.

பாதியாக வெட்டி, வெள்ளைப் பஞ்சை எடுத்து அதன் வயிற்றில் தேய்த்தேன். பஞ்சு சிவந்தால் சாயம் ஏற்றிய பழமாம். வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய வீடியோ. பஞ்சு லேசாக ரோஸ் நிறமானது. சாயமா… சாறா? மறுபடி தேய்த்தேன். ரோஸ்தான். மூன்றாவது பஞ்சைப் பிய்ப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு துண்டைத் தின்று முடித்து, விதையையும் துப்பிவிட்டு, "நான் சாயங்காலம் வரைக்கும் உசிரோட இருந்தா நீயும் சாப்பிடு" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

சாயங்காலம் வரை காத்திருந்தேன். இருந்தார். சாப்பிட்டேன்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததா? மாம்பழம் வாங்கினால் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் கல் வைத்துப் பழுக்கவைத்தது. சர்பத் கடைக்குப் போனால் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். கடைக்காரர் பதில் சொன்னால், அதை எதற்கு இவ்வளவு வேகமாகச் சொல்கிறார் என்று யோசிப்பேன். கோடை வந்துவிட்டால் எனக்கு வேர்க்குருவும் சந்தேகமும் சேர்ந்தே வரும். பவுடர் போட்டால் வேர்க்குரு போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கோடையில் என் சந்தேகம் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது. இந்தப் பத்தியில் நாலு வாரமாக வெயிலையும் வெள்ளரிப்பிஞ்சையும் பற்றி எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் வாக்குமூலம்.

நாங்கள் மூன்று தோழிகள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். நான் விருதுநகரில் கணக்கு டீச்சர். ஸ்டெல்லா சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்மா குடியிருப்பது திருத்தங்கலில். அவள் வீட்டுக்காரர் முருகேசன், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறார். கோடை லீவு விட்டால் சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் இருவரும் பஸ் ஏறி விருதுநகர் வந்துவிடுவார்கள். எப்போதும் போகும் கடையில் எண்ணெய் பரோட்டா, சால்னா, ஊர்க்கதை. முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். நான் சால்னாவைக் கரண்டியால் கிளறிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "திங்கிறதுக்கு முன்னாடி எதுக்குடி போஸ்ட்மார்ட்டம்?" என்பாள் ஸ்டெல்லா.

பத்மாவுக்கு ஒரே மகள், சௌமியா. என் வகுப்பில்தான் படிக்க வேண்டும் என்று திருத்தங்கலில் இருந்து பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்தாள். தங்கமான பெண். எம்.காம். முடித்து வேலைக்குப் போகிறாள். ஐந்து வருஷமாக வரன் பார்க்கிறார்கள், எதுவும் அமையவில்லை. வருவார்கள், காபி குடிப்பார்கள், போன் பண்ணுகிறோம் என்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் பத்மா எங்களிடம் வந்து கொட்டுவாள். இந்த வருஷம் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எல்லாம் ஒரு பொட்டலம் காராச்சேவில் ஆரம்பித்தது.

வேலையாகச் சிவகாசி போன என் வீட்டுக்காரர், திரும்பும் வழியில் திருத்தங்கலில் வாங்கி வந்தார். எங்கள் பக்கத்துப் பலகாரக் கடைகளில் பழைய நியூஸ் பேப்பருக்கு வேலை குறைவு. பிரஸ்களில் கலர் சரியாக விழாமல் கழித்துப் போட்ட தாள்கள் கட்டுக் கட்டாகக் கடைக்கு வந்துவிடும். பஜ்ஜி ஒரு காலண்டர் முருகனோடு வரும். மிக்சர் ஏதோ ஒரு சோப்பு டப்பாவின் படத்தோடு வரும். அந்த மை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். அதனால் சேவை உடனே எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டு, மை ஒட்டியிருக்கிறதா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மை ஒட்டவில்லை. தங்க நிற எழுத்து பளிச்சென்று இருந்தது.

திருவளர்ச்செல்வி மு. சௌமியா, எம்.காம். திருவளர்ச்செல்வன் ஆ. கார்த்திகேயன், பி.இ. கீழே… தங்கள் நல்வரவை விரும்பும் முருகேசன் – பத்மா, திருத்தங்கல்.

தேதி இருந்த மூலை கிழிந்து கடையிலேயே தங்கிவிட்டது.

எனக்குத் திக்கென்றது. பத்திரிகை அடிக்கும் வரை வந்துவிட்டதா? எனக்குச் சொல்லவில்லையா? போன சனிக்கிழமைகூட என் இலையில் இருந்து ஒரு பரோட்டாவைப் பிய்த்துத் தின்றவள், வாயைத் திறக்கவில்லையே! முதல் பத்திரிகையை எனக்கு வைக்க வேண்டியவள். அழுகை வந்தது. அது கோபமாக மாற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"ஏ ஸ்டெல்லா, சௌமியாவுக்குக் கல்யாணமாமே?"

"யாரு சொன்னா?"

"சேவு சொல்லுச்சு."

அவள் சிரித்தாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது, மோர் குடித்துவிட்டுப் படு என்று போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"பிள்ள, நீ சொன்னது நெஜம்தான் போல. எங்க கேன்டீன்ல வடை மடிச்சுக் குடுத்த தாளு இப்ப என் கையில இருக்கு. 'கர்த்தருக்குள் பிரியமானவர்களே'ன்னு ஆரம்பிக்குது. மாப்பிள்ளை பேரு டேவிட். பொண்ணு யாரு தெரியுமா?"

"யாரு?"

"திருத்தங்கல் முருகேசன் – பத்மா தம்பதியரின் குமாரத்தி சௌமியா!"

"அப்ப கார்த்திகேயன்?"

"அவருதான் டேவிட்டா மாறிட்டாரோ என்னமோ."

"ஞானஸ்நானம் குடுத்தா உனக்குத் தெரியாமப் போகுமா?"

"அதான் பிள்ள எனக்கும் சந்தேகமா இருக்கு!"

பாருங்கள், ஸ்டெல்லாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற ஸ்டெல்லாவுக்கு!

மூன்றாவது தாள் பக்கோடாவோடு வந்தது. நானே ஆளனுப்பி அதே திருத்தங்கல் கடையில் வாங்கச் சொன்னேன், ஒளிப்பானேன்? புதுமனை புகுவிழா அழைப்பிதழ். 'சௌமியா இல்லம்.' அழைப்பது முருகேசன் – பத்மா. வாடகை வீட்டில் இருக்கிறோம் என்று இத்தனை வருஷம் மூக்கைச் சிந்தியவர்கள், சத்தமில்லாமல் வீடும் கட்டிவிட்டார்கள்!

கணக்கு டீச்சர் அல்லவா? மூன்று புள்ளி கிடைத்தால் ஒரு வட்டம் போட்டுவிடலாம். போட்டேன். பெண் யாரோ டேவிட்டை விரும்பியிருக்கிறாள். வீட்டில் கார்த்திகேயனைப் பார்த்திருக்கிறார்கள். குழப்பம் வெளியே தெரியாமல் இருக்க எங்களை ஒதுக்கிவிட்டாள் பத்மா. வசதி வந்தால் மனுஷர்கள் இப்படித்தான்…

அந்தச் சனிக்கிழமை அவளை விசாரித்துவிடுவது என்று நானும் ஸ்டெல்லாவும் முடிவு செய்தோம்.

பத்மா தாமதமாகத்தான் வந்தாள். தலையில் மல்லிகைப் பூ. கையில் ஜவுளிக்கடைப் பை. போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டு தடவையும் எழுந்து வாசலுக்குப் போய், "சரிங்க… சரிங்க… ஆகட்டுங்க" என்று குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தாள். யாரிடம் இத்தனை 'ங்க'?

"சௌமியா எப்படி இருக்கா?" என்றேன்.

"இருக்கா."

"வீட்டுல வெக்கை எப்படி? ஓட்டு வீடு, தளம் போட்ட வீடு… எது தேவலை?"

"என்னடி புதுசா கேக்குறே? நீ வராத வீடா?"

"எந்த வீடு?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மேசைக்கு அடியில் ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். கேளு என்று அர்த்தம். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஏ பத்மா, எங்ககிட்ட நீ எதையாச்சும்…"

டமார்!

கடையே எழுந்து நின்றது. இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் பக்கம் வானத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால், மழை வருமா என்று யாரும் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் புகை என்றுதான் பார்ப்போம். பரோட்டாக் கையோடு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். ஸ்டெல்லா அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். பத்மாவின் தம்பி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அவனுக்கு அவள் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. நான் அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் எடுத்தான். "வீட்டுல கேப்பங்கூழு குடிச்சிக்கிட்டு இருக்கேன்க்கா, என்ன?"

அதே நேரம் என் மூக்கின் மேல் பெரிய துளியாக ஒன்று விழுந்தது. "ஏ, மழைப்பா!" என்று யாரோ கத்தினார்கள். தெரு முழுக்கச் சிரித்தது. முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டோம்.

மழை வலுப்பதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பத்மா கிளம்பிவிட்டாள். கேள்வி என் வாயிலேயே தங்கிவிட்டது. அன்றைக்கு அதைக் கேட்டு முடித்திருந்தால் இந்தப் பத்தி இத்தோடு முடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், ஒரு அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் குடை, முகம் முழுக்க வேர்வை. தங்கச்சி மகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அட்மிஷன் எப்போது என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தேன். வெயிலைப் பற்றிப் பேசினோம். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"திருத்தங்கல்ல இருந்து சௌமியான்னு ஒரு புள்ள உங்ககிட்டதான் படிச்சதாமே டீச்சர்? எப்படிப்பட்ட புள்ள?"

"தங்கமான புள்ள. படிப்புல சூட்டிகை. மரியாதையான புள்ள" என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேட்டால்தானே? ஒரு வாரமாக உள்ளே புகைந்துகொண்டிருந்ததற்கு ஒரு காது கிடைத்துவிட்டது.

"அவளுக்கென்னங்க, கல்யாணம் நிச்சயமாகி பத்திரிகையே அடிச்சாச்சு. மாப்பிள்ளை கார்த்திகேயனா, டேவிட்டான்னுதான் எங்களுக்கே தெரியலை. வீடு வேற கட்டிட்டாக. பழகுனவங்களுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லலை."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "பத்திரிகையை நீங்க கண்ணால பாத்தீகளா டீச்சர்?"

"பாக்குறதென்ன? கையிலயே இருக்கு!" எழுந்து போய் மூன்று தாளையும் எடுத்து வந்து காட்டினேன். நானே காட்டினேன்.

பார்த்தார். எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அட்மிஷன் தேதியைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. சர்பத் பாதி அப்படியே இருந்தது. சர்பத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, நன்னாரி பாட்டிலை எடுத்து எக்ஸ்பயரி தேதியைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, அதே உச்சி வெயிலில் பத்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நடு வீட்டில் நின்று கேட்டாள்.

"என் மக உனக்கு என்னடி பாவம் பண்ணுனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"சாத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு நல்ல எடம் வந்துச்சு. விவசாயக் குடும்பம். பையன் மகேந்திரனுக்கு இவளைப் பிடிச்சிருக்கு. இவளுக்கும் பிடிச்சிருக்கு. நாளைக்குப் பூ வைக்க வாரதா இருந்தாக. பூ வைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு இருந்தேன்… உன்கிட்டக்கூட. வெளியில சொல்லிச் சொல்லித்தானே அம்புட்டு எடமும் நின்னு போச்சு? நேத்து போன் பண்ணி, 'ரெண்டு பத்திரிகை அடிச்ச பொண்ணு எங்களுக்கு வேண்டாம்'னுட்டாக. யாருங்க இப்படிச் சொன்னதுன்னு கேட்டேன். 'வேற யாருமில்ல, உங்க டீச்சரம்மாதான்'னாக. செவ்வாக்கிழமை உன் வீட்டுக்கு வந்தது பையனோட அத்தை."

உள்ளே போய் மூன்று தாளையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தவள், சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"அடிப்பாவி… இது சாம்பிள்டீ!"

பத்திரிகைக் கம்பெனிகள் வருஷா வருஷம் புது மாடல் ஆல்பம் போடும். அதற்கான வேலை கோடையில் நடக்கும். ஊர் ஊராக ஏஜெண்டுகள் அந்த ஆல்பத்தைக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பார்கள். மாடல் என்றாலும் அதில் ஒரு பெண் பேர், ஒரு மாப்பிள்ளை பேர் வேண்டுமே? ஆரம்பத்தில் முருகேசன் வாயில் வந்த பேரைப் போட்டிருக்கிறார். அதே பேரில் எங்கோ ஒரு குடும்பம் இருந்து, கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டைக்கு வந்துவிட்டது. ஊரார் பேர் வேண்டாம், உங்கள் வீட்டுப் பேரையே போட்டுக்கொள்ளுங்கள் என்றுவிட்டார் முதலாளி.

"அன்னையில இருந்து எங்க வீட்டுப் பேருதான். ஒவ்வொரு கோடையிலயும் என் மகளுக்குப் பேப்பர்ல நாப்பது கல்யாணம் நடக்குதுடி. இந்து மாடல், கிறிஸ்தவ மாடல், எல்லாத்துலயும் அவதான் பொண்ணு. நெஜத்துல ஒண்ணு நடக்க மாட்டேங்குது."

இந்த ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவள் நான். சாம்பிள் என்று ஒன்று உண்டென்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மனம் நொந்துபோன நேரத்தில் தெரிந்த எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. சேவு மடித்த தாளை நம்பினேன். முப்பது வருஷத் தோழியை நம்பவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே நானும் முருகேசனும் சாத்தூர் பஸ் ஏறினோம். பூ வைக்க அவர்கள் வரவேண்டிய நாளில், மன்னிப்புக் கேட்க நாங்கள் போனோம். பத்மா வரவில்லை. என் பக்கத்தில் உட்கார அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை. முருகேசன் மடியில் அந்த ஆல்பம், ஒரு தலையணை கனத்தில். வழி முழுக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக அனல் அடித்தது.

சாத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தோம். வீட்டு முற்றத்தில் வெள்ளரிக்காய் குவித்துக் கிடந்தது. குடை அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பையனின் அம்மா வந்தார். ஒல்லியான தேகம், கூர்மையான கண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க டீச்சர். இன்னைக்கு எந்தப் பத்திரிகை கொண்டாந்துருக்கீக?"

தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டியதுதான்.

ஆனாலும் தட்டில் வெள்ளரிக்காய் நறுக்கி, மிளகாய்ப் பொடி உப்புத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். கழுவினார்களா, எந்தத் தண்ணீர் என்று எதையும் பார்க்காமல் எடுத்து வாயில் போட்டேன். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சேவு, வடை, பக்கோடா, என் கோபம், என் வாய்… எல்லாவற்றையும்.

அந்த அம்மா நம்பவில்லை. ஆல்பத்தை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இதுல மாப்பிள்ளை கார்த்திகேயன்… இதுல டேவிட்டு… இதுல சிவராமன்… இவுக யாருமே நெஜத்துல இல்ல?"

"இல்லீங்க" என்றேன்.

"இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுவீகளா டீச்சர்?"

பண்ணினேன். அவர் முகம் மாறவில்லை. ஆல்பத்தின் கடைசித் தாள் வரை போய், திரும்ப முதலில் இருந்து புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. சட்டென்று நிமிர்ந்தார்.

"அம்புட்டுப் பேரு போட்டுருக்கீக. எங்க மகேந்திரன் பேரை மட்டும் எங்கனயும் காணோமே. அது ஏன்?"

இந்த அம்மா என்னையும் மிஞ்சிய சந்தேகக்காரராக இருக்கிறாரே! காலையில் இருந்து வாய் திறக்காத முருகேசன் மெதுவாகச் சொன்னார்.

"அது சாம்பிள் இல்லீங்களேம்மா."

அந்த அம்மா ஆல்பத்தை மூடினார். கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் புது வீடு?"

"வாடகை வீடுதாங்க. அது பேப்பர்ல கட்டுனது."

அதைச் சொன்னதும் முருகேசன்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மேல்தான் தப்பு, அந்தப் பெண் மேல் ஒரு குறையும் கிடையாது, எனக்கு மகள் இருந்து அவள் சௌமியா மாதிரி இருந்தால் கோயில் கோயிலாகக் கும்பிடு போட்டிருப்பேன் என்றெல்லாம் உளறினேன்.

"வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுறோம்" என்றார் அந்த அம்மா. கிளம்பும்போது ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம்? பழக்கத்துக்குக் கொடுத்ததா, சம்மதமா, இல்லை அத்தோடு கணக்கைத் தீர்த்துவிட்டார்களா? பஸ்ஸில் யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

முருகேசன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"விடுங்க டீச்சர். அந்தத் தாள்ல கலரு ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காரலை. அதான் கழிச்சுப் போட்டோம். நல்லா விழுந்திருந்தா சேவுக் கடைக்கே போயிருக்காது. தப்பு மெஷின் மேலதான்."

என்ன மனுஷர்! அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்கடுத்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை பரோட்டாக் கடைக்கு நானும் ஸ்டெல்லாவும் மட்டும் போனோம். மூன்றாவது நாற்காலியில் ஸ்டெல்லா தன் கைப்பையை வைத்தாள். சால்னாவைக் கிளறிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பத்மா போனை எடுப்பதில்லை. அடுத்த சனியும் அப்படியே போனது. எனக்கு ஒரே யோசனைதான். தர்ப்பூசணியைச் சந்தேகப்பட்டேன், மாம்பழத்தைச் சந்தேகப்பட்டேன், ஐஸைச் சந்தேகப்பட்டேன், கூடவே வளர்ந்தவளைச் சந்தேகப்பட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஒருவர் உச்சி வெயிலில் குடையோடு வந்து, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டாரே… அப்போது மட்டும் ஏன் எனக்குச் சந்தேகமே வரவில்லை? கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள் இப்படித்தான் விசாரிப்பார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை நாங்கள் போய் உட்கார்ந்து, இரண்டு செட் பரோட்டா சொல்லியிருந்தோம்.

"மூணா சொல்லுங்க" என்று பின்னால் ஒரு குரல்.

பத்மா! ஸ்டெல்லா கைப்பையை இழுத்துக்கொண்டாள். பத்மா உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் தள்ளினாள்.

"சேவு. பிரிச்சுப் பாரு."

நூலை அவிழ்த்தேன். எனக்குக் கை ஓடவில்லை. ஸ்டெல்லாதான் சேவை இலையில் கொட்டிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினாள். தங்க எழுத்து. திருவளர்ச்செல்வி மு. சௌமியா, எம்.காம். பக்கத்தில்… திருவளர்ச்செல்வன் மகேந்திரன். தேதி இந்தத் தடவை கிழியவில்லை. கலர் ஒன்றின்மேல் ஒன்று அத்தனை சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"மெஷின்ல இருந்து எடுத்த முதல் தாளு. மாரியாத்தாளுக்குக்கூட இன்னும் வைக்கலை, உனக்குத்தான் முதல்ல" என்றாள் பத்மா. "தாம்பாளத்துல வச்சு முறையாக் குடுத்தா நீ நம்ப மாட்டே. அதான் நீ நம்புற மாதிரி மடிச்சுக் கொண்டாந்தேன்."

நான் அழுதேன். அவளும் அழுதாள். பரோட்டா போடுகிற மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மட்டும், "அப்ப அந்த டேவிட் கதி?" என்றாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

தாளைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சேவை ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது.

எண்ணெய் மட்டும்… எந்தக் கடையில் வாங்கினாள் என்று பத்மாவிடம் ஜாடையாகக் கேட்க வேண்டும்.